பொடக்காளிப் பாத்தியில் பாலக்கீரை: விதையிலிருந்து தொடங்குவோருக்கு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பொடக்காளியில், அதாவது வீட்டின் பின்புறக் கொல்லையில், தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியிலோ கத்தரியிலோதான் முதலில் கைவைக்கிறார்கள். இரண்டு மாதம் காத்திருந்து, பூ உதிர்ந்து, காயில் புழு விழுந்து, ஆர்வம் பாதியாக வடிந்த பிறகு கீரைப் பக்கம் திரும்புகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. விதைத்த 30 முதல் 35 நாள்களில் முதல் அறுவடை தரும் பாலக்கீரை, மண்ணையும் தண்ணீரையும் வெயிலையும் புதியவருக்குக் குறைந்த செலவில் கற்றுக்கொடுத்துவிடும். ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கீரை தேறுமா தேறாதா என்பது விதைத்த முதல் பத்து நாள்களுக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நாள்களைக் கவனித்துவிட்டால் பிறகு வரும் வேலை மிகவும் குறைவு.

எப்போது விதைப்பது

பாலக்கீரை குளிர்ச்சியை விரும்பும் பயிர். பகல் நீண்டு வெயிலும் ஏறும்போது அது இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூந்தண்டு எடுக்கத் தொடங்கும். அதன்பின் வரும் இலைகள் சிறுத்தும் கசந்தும் இருக்கும். எனவே கொங்குப் பகுதிக்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரையுள்ள நான்கு மாதங்கள். இதற்குள்ளும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் வாரங்களில் விதைக்காமல் இருப்பது நல்லது. அடைமழை மேல்மண்ணை அடித்து இறுக்கிவிடும். விதையும் இடம் மாறி ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். மழை சற்று ஓய்ந்த கார்த்திகைதான் முதல்முறை விதைப்பவருக்கு மிகவும் பாதுகாப்பான மாதம்.

இடத்துக்கு இடம் சிறிது வேறுபாடு உண்டு. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள கோவையிலும் அதன் மேற்குப் பகுதிகளிலும் மாசி பாதி வரைகூடப் பாலக்கீரை தாக்குப்பிடிக்கும். ஈரோடு, கரூர் பக்கம் வெயில் முன்னதாகவே ஏறிவிடுவதால் தைக்குப் பின் புதிதாக விதைப்பதில் பொருளில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நம்பி ஆடியில் பாலக் விதைப்பவர்களும் உண்டு. வெயில் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, காலையில் நனைத்த பாத்தியின் மேல்மண்ணை மதியத்துக்குள் உலர்த்திவிடும். ஆடியில்தான் விதைத்தாக வேண்டுமென்றால், மேற்குப் பக்கம் சுவரோ தட்டியோ உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளில் இரண்டு முறை நீர் தெளிக்க ஆள் இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு விதைக்க வேண்டும்.

விதை வாங்கும்போது

‘ஆல் கிரீன்’ என்ற ரகம் விதைக்கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சமவெளியில் நன்றாக வருகிறது. பலமுறை அறுத்தாலும் மீண்டும் துளிர்க்கிறது. புதியவர் இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. இணையக் கடைகளில் வண்ணப் படத்துடன் விற்கப்படும் வெளிநாட்டு ஸ்பினாச் விதை வேறு செடியினுடையது. அது ஊட்டி போன்ற மலைப்பகுதிக் குளிருக்குப் பழகியது. மண்ணின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாதி விதைகூட முளைப்பது கடினம். அவிநாசியில் அதை விதைத்துவிட்டு விதை போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் நியாயமில்லை.

பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் முளைப்புத்திறன் அளவையும், சோதித்த தேதியையும், காலாவதித் தேதியையும் படித்துவிட்டு வாங்க வேண்டும். சில நிறுவனங்களின் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ நிறம் ஏற்றி வரும். அது பூஞ்சணக்கொல்லி மருந்து பூசிய விதை என்பதற்கான அடையாளம். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீதமுள்ளதைக் குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஐயமிருந்தால் 20 விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் பிரித்துப் பார்க்கலாம். பன்னிரண்டுக்கு மேல் முளைத்திருந்தால் விதைக்கலாம். அதற்கும் குறைவென்றால் புது விதை வாங்குவதே மேல்.

பாத்தியும் மண்ணும்

நாள் ஒன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். காலை வெயில் பட்டு மதியத்துக்கு மேல் நிழல் விழுமானால் இன்னும் நல்லது. பாத்தியின் அகலம் மூன்று அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு அமர்ந்தபடி நடுப்பகுதி வரை கை எட்ட வேண்டும். நீளம் ஆறடி இருந்தால், நான்கு பேருள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை கடைவதற்குப் போதுமான கீரை கிடைக்கும்.

கரிசல் மண்ணுள்ள வீடுகளில் நீர் தேங்காதபடி தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்திப் பாத்தி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகும். செம்மண்ணில் இதற்கு எதிரான சிக்கல் உண்டு. நீர் நிற்காது இறங்கிவிடும். காய்ந்தால் மேல்பரப்பு ஓடாக இறுகும். அங்கே பாத்தியைத் தரைமட்டத்திலேயே வைத்து, சுற்றிலும் சிறு வரப்புக் கட்டினால் போதும். எந்த மண்ணானாலும் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கல்லையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவிட வேண்டும். கோரைக்கிழங்கைப் பொறுக்கும் வேலையில் சோம்பல்பட்டால் பிறகு கீரையைவிடக் கோரையைத்தான் அதிகம் பிடுங்க நேரும்.

மூன்றுக்கு ஆறு அடிப் பாத்திக்கு நன்கு மட்கிய தொழுவுரம் ஐந்து அல்லது ஆறு கிலோவும், வேப்பம்புண்ணாக்குத் தூள் 150 கிராம் அளவிலும் போதும். தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆட்டு எரு தாராளமாகக் கிடைக்கும். அது மாட்டெருவைவிடச் சத்து மிகுந்தது. ஆனால் புழுக்கை புழுக்கையாக அப்படியே போடக்கூடாது. நனைத்துக் குவித்து மட்கவைத்து, கையில் எடுத்தால் உதிரும் பதம் வந்த பிறகு போட வேண்டும். பச்சை எருவின் சூடு இளநாற்றைக் கருக்கிவிடும்.

மாடியில் வளர்ப்பவர்கள் ஆழமான பைகளைத் தேட வேண்டாம். முக்கால் அடி ஆழமும் நல்ல அகலமும் இருந்தால் பாலக்கீரைக்குப் போதும். செம்மண், மட்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். பொள்ளாச்சியிலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். அதை ஊறவைத்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். மாடித்தோட்டத்தில் விதை முளைத்தும் நாற்று வளராமல் அப்படியே நின்றுவிடுவதற்கு இந்த அலசாத நார்க்கழிவு ஒரு முக்கியக் காரணம்.

விதைப்பும் முதல் பத்து நாள்களும்

பாலக் விதை சொரசொரப்பாக, ஒழுங்கற்ற உருண்டையாக இருக்கும். அது பீட்ரூட் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு விதை என்று எண்ணுவது உண்மையில் இரண்டு மூன்று விதைகள் ஒட்டி இறுகிய ஒரு கொத்து. அதன் மேல்தோல் கெட்டியானது. ஆகவே முந்தின நாள் மாலையில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் வடித்து, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, விரலில் ஒட்டாத பதத்தில் விதைக்க வேண்டும். மருந்து பூசாத விதையென்றால், உலர்த்தும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைசெய்யும் பூஞ்சணத்தின் தூள் ஒரு சிட்டிகை தூவிப் புரட்டிக்கொள்ளலாம். நாற்றழுகலைத் தடுக்க அது உதவும்.

பாத்தியை மட்டப்படுத்தி, நீளவாக்கில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் விரலால் கோடு இழுத்தால் மூன்றடி அகலத்தில் நான்கு வரிசைகள் வரும். கோட்டின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆழமாகப் போனால் முளை மேலே வருவதற்குள் சோர்ந்துவிடும். மிகவும் மேலே கிடந்தால் விதை காய்ந்துவிடும். இரண்டு விரல்கடை இடைவெளியில் விதையை ஒவ்வொன்றாக வைத்து, சலித்த எருவும் மணலும் கலந்த கலவையை மேலே தூவி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்திவிட வேண்டும். இந்தப் பாத்திக்கு ஐந்து கிராம் விதை ஏராளம்.

இனி வருவதுதான் கவனிக்க வேண்டிய கட்டம். விதைத்தவுடன் குழாயை நேரடியாகத் திறந்துவிடக் கூடாது. பூவாளியால் மட்டுமே, அதுவும் உயர்த்திப் பிடித்து மழைத்தூறலாக விழும்படி ஊற்ற வேண்டும். பிறகு நனைத்துப் பிழிந்த சணல் சாக்கைப் பாத்தியின் மேல் விரித்து, காலையும் மாலையும் சாக்கின் மீதே தண்ணீர் தெளிக்கலாம். நான்காம் நாளிலிருந்து மாலைதோறும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். முதலில் மண்ணில் மயிரிழைபோல் வெடிப்பு தெரியும். அடுத்து வளையம்போல் முதுகு வளைந்த இளஞ்சிவப்புத் தண்டு வெடிப்பிலிருந்து எழும்பும். அதன் நுனியில் சில வேளை விதைத்தோலும் ஒட்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு முளைகள் அப்படித் தெரிந்த அன்றே, மாலை வெயில் தணிந்த பிறகு, சாக்கை எடுத்துவிட வேண்டும். முழுவதும் முளைக்கட்டும் என்று இன்னும் இரண்டு நாள் விட்டுவைத்தால் முளைகள் வெளுத்து நீண்டு சாக்கின் இழைகளுக்குள் நுழைந்துவிடும். சாக்கைத் தூக்கும்போது நாற்றும் கூடவே வந்துவிடும்.

ஊற்றும் தண்ணீரும் இந்தப் பத்து நாளில் முக்கியம். கொங்குப் பகுதியின் பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருக்கிறது. வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டுவதை வைத்தே அதை அறியலாம். வளர்ந்த பாலக்கீரை ஓரளவு உப்பைத் தாங்கும். கீரை வகைகளில் போர்த் தண்ணீருக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம். ஆனால் முளைக்கும் பருவத்தில் அதற்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. எனவே முதல் பத்து நாளைக்கு மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்திவிட்டு, பிறகு போர்த் தண்ணீருக்கு மாறிக்கொள்ளலாம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலையே இல்லை.

நாற்று கழுத்தில் நீர்கோத்து, நூல்போல் மெலிந்து, திட்டுத்திட்டாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் மிகுந்ததாலும் விதை நெருக்கத்தாலும் வருவது. சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, ஒரு நாள் முழுவதும் தண்ணீரை நிறுத்தி, மேல்மண்ணைக் குச்சியால் லேசாகக் கீறிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

களையும் கலைப்பும்

பாலக் நாற்றின் வித்திலைகள் இரண்டும் குறுகலாக, நீளமாக இருக்கும். வட்டமாகத் தடித்துத் தரையோடு படரும் சாரணையையும், ஊசியாக நிமிரும் கோரையையும் அதனிடமிருந்து பிரித்தறிவது எளிது. வரிசையில் விதைத்திருந்தால் வரிசைக்கு வெளியே முளைப்பதெல்லாம் களைதான் என்று தயங்காமல் பிடுங்கலாம். தூவி விதைப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஆனாலும் பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ தானாக முளைத்திருந்தால், அதை எறிவதா கடைசலில் சேர்ப்பதா என்பதை வீட்டிலுள்ள ஆத்தாவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பன்னிரண்டு முதல் பதினைந்து நாளில், மூன்று நான்கு இலைகள் விட்டதும், கொத்தாக முளைத்த நாற்றுகளில் வலுவானதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும். செடிக்குச் செடி நான்கு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். முளைத்ததை வெட்டியெறிய மனம் வராமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு இலை விரல் அகலத்தைத் தாண்டவில்லை என்று வருந்துகிறார்கள்.

உரமும் பூச்சியும்

மட்கிய எரு போட்ட பாத்திக்கு முதல் அறுவடை வரை வேறு எதுவும் வேண்டியதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் அடுத்த நாள், ஒரு கை கடலைப்புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரடியில் ஊற்றலாம். பஞ்சகவ்யம் கிடைப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். அதைப் பயிருக்குப் பயன்படுத்தும் முறையை விவசாயிகளிடையே பரப்பிய மருத்துவர் கே. நடராஜன், நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடியைச் சேர்ந்தவர். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வரும் என்பது உண்மை. அந்தத் தளதளப்பைத் தேடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வரும். வீட்டுப் பாத்திக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து அரிக்கும் பச்சைப் புழுவை, ஒட்டிய இலையோடு கிள்ளி நசுக்குவதே போதுமான மருத்துவம். அசுவினி மிகுந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். தெளித்து நான்கைந்து நாள் கழித்தே அறுக்க வேண்டும். இலையில் சாம்பல்நிற நடுவும் செந்நீல விளிம்புமாக வட்டப்புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சணம். புள்ளி விழுந்த இலைகளை அகற்றிவிட்டு, மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஊர்ப்புறத் தோட்டங்களில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மயில். அதிகாலையில் இரண்டு மயில்கள் இறங்கினால் ஒரு பாத்தி நாற்று அரைமணி நேரத்தில் காணாமல் போய்விடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குத் தீங்கு செய்வது குற்றம்; எனவே விரட்டுவதைவிடத் தடுப்பதே வழி. மூங்கில் சிம்புகளை வளைத்து ஊன்றி, அதன்மேல் மீன்வலையோ நிழல்வலையோ போர்த்தி, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிட்டால் மயிலோடு கோழியும் ஒதுங்கிவிடும்.

அறுவடை

இலை ஒரு சாண் உயரம் வந்ததும், வெளிவட்ட இலைகளை மட்டும் காம்போடு அறுக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. மொத்தமாக அறுப்பதானால் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் மீண்டும் துளிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் இப்படி நான்கைந்து முறை அறுக்கலாம். காலையில் வெயில் ஏறுமுன் அறுத்த கீரை வாடாது. பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால், ஒரே வாரத்தில் கீரை குவிந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய நிலையும், அடுத்த வாரம் சந்தையில் வாங்க வேண்டிய நிலையும் வராது.

வெயில் காலத்துக்கு

மாசிக்குப் பின் பாலக்கை விட்டுவிட்டுச் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரைக்கு மாறிக்கொள்ளலாம். இவை வெயிலுக்கு அஞ்சாதவை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 என்ற கீரை ரகம் கிள்ளிக் கிள்ளி எடுப்பதற்கென்றே உருவானது. விதைத்த மூன்று வாரத்தில் கிள்ளத் தொடங்கி மூன்று மாதம் வரை எடுக்கலாம். இந்த விதைகள் மிகவும் நுண்ணியவை. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். கால் தேக்கரண்டி விதையை இரண்டு கை உலர்மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். இவற்றை ஊறவைக்கவோ புதைக்கவோ வேண்டாம். தூவிய பின் கையால் மண்ணை லேசாகத் தடவிவிட்டால் போதும். மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். ஆனால் அதற்குள் எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடும். பாத்தியின் நான்கு ஓரங்களிலும் ஒரு பிடி ரவையோ அரிசி நொய்யோ தூவிவைத்தால், விதை வேர்விடும் வரை எறும்பின் கவனம் அங்கேயே இருக்கும்.

பாலக்கீரை பூந்தண்டு எடுத்த பிறகு அதை வைத்திருப்பதில் பயனில்லை. வேரோடு பிடுங்கி நறுக்கி எருக்குழியில் போட்டுவிட்டு, அந்தப் பாத்தியில் பீட்ரூட்டோ மீண்டும் பாலக்கோ போடாமல், ஒருமுறை கொத்தவரை விதையை ஊன்றலாம். ஒரே குடும்பப் பயிரைத் தொடர்ந்து போட்டால் இலைப்புள்ளி நோயின் வித்துகள் மண்ணிலேயே தங்கிவிடும். கொத்தவரை சித்திரை வெயிலிலும் காய்க்கும். அதன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். புரட்டாசியில் அதை வெட்டியெடுக்கும்போது வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுக் கொத்திப் புரட்டினால், அடுத்த பாலக் விதைப்புக்கு எருவின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.